‘வந்து சேரலை’ என்பது யாருடைய பதில்?

தமிழில் தூது என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. அன்னம், மயில், கிளி, மேகம், நெஞ்சு, தென்றல், வண்டு என்று யாரையெல்லாம் தூது விடலாம் எனப் பாட்டியல் நூல்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. பட்டியலோடு நம் புலவர்கள் நின்றுவிடவில்லை. தமிழையே தூது விட்டார்கள். பணம், நெல், புகையிலை, துகில் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் விட்டார்கள். எம்.ஏ. வகுப்பில் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. தூது போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி இந்த நூல்களுக்கு வெளியில்தான் கிடக்கிறது. அனுப்புகிற இடத்திலேயே பாட்டு முடிந்துவிடுகிறது. ஆனாலும் அனுப்புகிறவள் ஒன்றைக் கேட்டு வைக்கிறாள்: சொல்லிவிட்டுச் சும்மா வந்துவிடாதே, அவர் மாலையை வாங்கிக்கொண்டு வா. அதைக் காதலின் அடையாளம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்த மாலை ஓர் ஒப்புகைச் சீட்டாகத்தான் படுகிறது.

சத்திமுத்தப் புலவர் கதை இன்னும் சுவாரஸ்யமானது. மதுரையில் குளிரில் நடுங்கிக் கிடந்தவர் ஊரில் இருக்கும் மனைவிக்கு நாரையைத் தூது விட்டுப் பாடினார். இரவில் நகர் சுற்றி வந்த பாண்டியன் அதைக் கேட்டு அவருக்கு உதவினான் என்பது கதை. புலவரின் வறுமை தீர்ந்தது. மனைவிக்குச் சேதி போனதா? கதை சொல்லாது. அனுப்பிய ஆளுக்கும் பெற வேண்டிய ஆளுக்கும் நடுவில் அரசன் நின்று ஒட்டுக்கேட்டான். அவன் நல்லவனாக இருந்துவிட்டான், அவ்வளவுதான்.

கடிதம் எப்போதும் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தே தீரும் என்றார் லக்கான், 1950களில், எட்கர் ஆலன் போவின் கதை ஒன்றை வைத்து. சேராமல் போகிற சாத்தியம் கடிதம் என்பதன் அமைப்பிலேயே இருக்கிறது என்று 1970களில் மறுத்தார் தெரிதா. நம் சிற்றிதழ்களில் இந்தச் சண்டை போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. சேராமல் போனால் அதை யார் யாரிடம் சொல்ல வேண்டும்? தத்துவத்தில் இது சின்னக் கேள்வி. மனு எழுதிப் பிழைக்கிற சனங்களுக்கு இதுதான் பெரிய கேள்வி.

2

சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தில், மாரமங்கலம் ஓர் ஊராட்சி. மலையாளிப் பழங்குடிகள் வாழும் பகுதி. பெயரைப் பார்த்துக் கேரளத்துக்குப் போய்விட வேண்டாம். மலைவாழ் மக்கள் என்பதால் மலையாளி. அங்குள்ள சில இளைஞர்கள் பழங்குடிச் சான்றிதழ் தாமதமாவது பற்றி ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மனு அனுப்பினார்கள். மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் கூலி போகிறது. மெயில் என்றால் காசு மிச்சம் என்று கணக்கு. மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: “அப்படி எதுவும் வந்து சேரலையே தம்பி. நீங்க சரியா அனுப்பியிருக்க மாட்டீங்க.”

கவனியுங்கள், பதிலில் இரண்டு வாக்கியங்கள். முதலாவது ஒரு தகவல். இரண்டாவது ஒரு தீர்ப்பு.

அவர்கள் என்னிடம் வந்தார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிக்னல் போய்ப் போய் வருகிற மலையில் கடிதம் போனை விட்டே கிளம்பாமல் ‘அவுட்பாக்ஸ்’ என்ற அறையில் தூங்கிக்கொண்டிருப்பது உண்டு. இல்லை, ‘அனுப்பியவை’யில் இருந்தது. முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வேறு ஊர். எழுத்தெழுத்தாக அலுவலகப் பலகையோடு ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. இணைப்பு பெரிசா? மின்னஞ்சலில் படமும் ஸ்கேனும் எழுத்தாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. அப்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 25 எம்.பி. எல்லை உள்ள பெட்டிக்கு 20 எம்.பி. கோப்பே தடுக்கிவிடலாம். இவர்களுடையது 3 எம்.பி.கூட இல்லை. திரும்பி வந்த அறிவிப்பு ஏதாவது உண்டா? இல்லை. இணைப்பே இல்லாமல் இரண்டு வரி எழுதி மறுபடி அனுப்பினோம். அதுவும் திரும்பவில்லை, அதற்கும் பதில் இல்லை.

கடைசியில் ஒருவர் நேரில் போய், “சார், ஸ்பாம் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்க” என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எந்தப் பெட்டியையும் திறக்க முடியாது. பாஸ்வேர்டு மாற்றலாகிப் போன ஒருவரிடம் இருக்கிறது. கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக வந்து அந்தப் பூட்டிய பெட்டிக்குள் குவிந்துகொண்டிருந்தன. மெஷின் தன் வேலையைச் செய்திருந்தது. சேராதது கடிதம் அல்ல, அலுவலகம்தான்.

இந்த அனுபவம் தனித்த ஒன்றல்ல என்பதால்தான் எழுதுகிறேன். ‘வந்து சேரலை’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல முடியாது.

3

1837-ஆம் ஆண்டுச் சட்டம் தபால் சுமக்கும் உரிமையைக் கம்பெனி அரசின் ஏகபோகம் ஆக்கியது. 1854-இல் இந்தியா முழுமைக்குமான தபால்தலை வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதம் அரையணாவுக்கு எவ்வளவு தூரமானாலும் போகும் என்றானது. தபால் ஒட்டாமல் அனுப்பினால் வாங்குகிறவர் இரட்டிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். நம் ஊரில் ‘பேரிங் தபால்’ என்ற பேச்சு அதனால்தான்.

இதை நாகரிகத்தின் கொடை என்று எழுதுகிற பாடப்புத்தக வரலாற்றை நாம் ஏற்க வேண்டியதில்லை. கலெக்டர் கச்சேரிக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே தாக்கீது போக வேண்டியிருந்தது. தோட்டக்காரர்களுக்கு விலை நிலவரம் தெரிய வேண்டியிருந்தது. சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். காபி வந்தது, பங்களா வந்தது, பாதை வந்தது. மலை தபாலின் வரைபடத்தில் இடம் பிடித்த வழி இதுதான். மலையாளிகளுக்குச் சேதி சொல்ல யாரும் தபால் கொண்டுவரவில்லை. மணி கட்டிய ஈட்டியோடு காட்டு வழியில் ஓடிய தபால் ஓட்டக்காரர்களின் பையில் இருந்தது பெரும்பாலும் துரைமார்களின் கடிதங்கள்.

அப்படியிருந்தும் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கடமை உருவானது. அதுதான் நமக்கு முக்கியம். காசு வாங்கிக்கொண்டு ஏற்ற கடிதத்தைச் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுதி, அனுப்பியவரிடமே திருப்ப வேண்டும். தபால்காரர் உறையின் மேல் எழுதுகிற வாசகங்கள் நம் எல்லோருக்கும் தெரியும்: விலாசதாரர் இல்லை, முகவரி போதாது, வீடு பூட்டியிருந்தது, வாங்க மறுத்தார். அனுப்பியவர் முகவரியும் உறையில் இல்லையென்றால் கடிதம் ‘டெட் லெட்டர் ஆபீஸ்’ என்ற செத்த கடிதங்களின் அலுவலகத்துக்குப் போகும். பிற்காலத்தில் அதன் பெயரைத் திருப்பும் கடித அலுவலகம் என்று மாற்றினார்கள். 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் சட்டத்தின்படி அங்கே நியமிக்கப்பட்ட அதிகாரி, ரகசியம் காக்கும் கடப்பாட்டோடு, உறையைப் பிரித்து உள்ளே விலாசம் தேடலாம். அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் திருப்புவதுதான் நோக்கம்.

இதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு பொது அவசரம், பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் கடிதத்தை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 6-ஆம் பிரிவு கடிதம் தொலைந்தாலோ தாமதமானாலோ அரசு பொறுப்பல்ல என்று கையைக் கழுவியது. ஆக நஷ்டஈடு கிடையாது, அந்தரங்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் தகவல் சொல்லும் கடமை மட்டும் உண்டு. கடமையும் கண்காணிப்பும் ஒரே உறைக்குள் ஒட்டப்பட்டிருந்தன. 2023-ஆம் ஆண்டின் புதிய அஞ்சல் சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கியது. இடைமறிக்கும் அதிகாரமும் பொறுப்பின்மையும் புதுச் சட்டத்திலும் பத்திரமாக இருக்கின்றன.

முகவரி என்ற ஒன்றே எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலங்கை மலையகத்தை எடுத்துக்கொள்வோம். லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தனித்தனி வீட்டு முகவரி இல்லாமலிருந்தது. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அதுதான் ஆயிரம் பேருக்கும் விலாசம். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது, யார் கையில் கிடைக்கும் என்பது தோட்ட நிர்வாகத்தின் தயவு. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேர்வு முடிந்த பின் கைக்கு வந்த கதைகளை அங்கே எவரும் சொல்வார்கள். தபால் இலாகாவின் கணக்கில் அந்தக் கடிதங்கள் எல்லாம் ‘சேர்ப்பிக்கப்பட்டவை’. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு சனக்கூட்டம் சொந்த விலாசமும் இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது தற்செயல் அல்ல.

4

1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்குச் சேதி அனுப்பினார். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய நெறிமுறை மின்னஞ்சல் எப்படிக் கைமாற வேண்டும் என்று வகுத்தது. எஸ்.எம்.டி.பி. என்று சொல்கிறார்களே, அதுதான். அதைத் தபால் வரலாறு தெரிந்தவர்கள் படித்தால் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு தளத்திலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் ஒரு பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும். யுனிக்ஸ் கணினிகளில் அனுப்ப முடியாமல் போன கடிதம் ‘டெட் லெட்டர்’ என்ற பெயருள்ள கோப்பில்தான் போய் விழும். செத்த கடித அலுவலகம் மெஷினுக்குள் குடியேறிவிட்டது.

பெயர் மட்டுமல்ல, கடமையும் வந்தது. ஒரு சர்வர் இன்னொன்றிடம் கடிதத்தைக் கொடுக்கிறது. வாங்கிய சர்வர் 250 என்ற எண்ணைச் சொன்னால், இனி இது என் பொறுப்பு என்று பொருள். அதற்குப் பிறகு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 4-இல் தொடங்கும் எண் என்றால் தற்காலிகத் தடை, நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. 550 என்றால் அந்தப் பெயரில் பெட்டி இல்லை அல்லது அனுமதி இல்லை. 552 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. தபால்காரர் உறையின் மேல் எழுதிய அதே வாசகங்கள், எண்களாக. திரும்பி வரும் அறிவிப்பின் உறையில் அனுப்புநர் இடம் வெறுமையாக இருக்கும். அந்த அறிவிப்பே சேராமல் போனால் அது திரும்பவும் திரும்பி, இரண்டு சர்வர்கள் முடிவில்லாமல் சண்டை போடக் கூடாதே! எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

தமிழுக்கு இந்த ஏற்பாட்டில் இடம் இருந்ததா? அந்தக் கம்பி 7 பிட் ஆங்கில எழுத்துகளுக்காகப் போடப்பட்டது. இந்தியாவில் 1986-இல் எர்நெட் திட்டம் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட சில உயர்கல்வி நிறுவனங்கள் அதில் இருந்தன. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அந்தக் காலத்தில் தமிழில் கடிதம் எழுதியவர்கள் எழுத்துருவுக்குள் தமிழை ஒளித்து வைத்து அனுப்பினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல். அஞ்சல் என்ற சொல்லே ஒரு மென்பொருளின் பெயரானதைக் கவனிக்க வேண்டும். வழியில் ஏதோ ஒரு பழைய சர்வர் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் கடிதம் குப்பையாகும். வெட்டாமல் வந்தாலும் எதிர்முனையில் அதே எழுத்துரு இல்லையென்றால் குப்பைதான். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் மாநாடு இதற்காகவே குறியீட்டுத் தரங்களைப் பேசியது. பிறகு யுனிகோடு வந்து உள்ளடக்கத்தின் சிக்கலைத் தீர்த்தது. விலாசத்தின் சிக்கல் தீரவில்லை. தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள 2012-இலேயே நெறிமுறை வந்துவிட்டது. ஆனால் அப்படியொரு முகவரியைப் படிவத்தில் எழுதினால் தவறான முகவரி என்று சொல்லும் இணையதளங்களே அதிகம். தமிழில் மனு எழுதலாம், உறைமேல் மட்டும் ரோமன் எழுத்தில் எழுது என்கிறார்கள்.

5

சேர்த்து வை, இல்லையேல் திருப்பு. நூற்றாண்டுக்கு மேல் பழைய இந்தக் கடமை எப்போது உடைந்தது?

1978 மே மாதம் கேரி துர்க் என்பவர் தன் கம்பெனியின் கணினிகளை விற்க, கேட்காத சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். ஸ்பாமின் வரலாறு அங்கே தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். தபாலில் அனுப்புகிறவர் தலைக்குத் தலை காசு கட்ட வேண்டும். மின்னஞ்சலில் ஒரு கடிதத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். சந்தை இந்த ஓட்டையை விடுமா? 1990களில் விளம்பரக் குப்பை பெருகியது. குப்பை அனுப்புகிறவர்கள் யாரோ ஒருவரின் முகவரியைத் திருடி அனுப்புநர் இடத்தில் போட்டார்கள். அப்போது என்ன ஆகும்? நேர்மையான சர்வர் கடமை தவறாமல் திருப்பி அனுப்புகிற அறிவிப்புகள் எல்லாம் அந்த அப்பாவியின் பெட்டியில் போய்க் கொட்டும். கடமையைச் செய்வதே இன்னொருவருக்குத் தொல்லை ஆனது. ஆகவே சர்வர்கள் மௌனமாகத் தூக்கிப்போடக் கற்றுக்கொண்டன.

இதில் உள்ள ஆபத்து அந்த நெறிமுறையை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2008-இல் வந்த திருத்தம், சொல்லாமல் கடிதத்தை வீசுவது மிகவும் ஆபத்தானது, சேரும் அல்லது திரும்பும் என்ற நீண்ட மரபை மீறுவது, இதைத் தவறாகப் பயன்படுத்தினால் அஞ்சல் மேலுள்ள நம்பிக்கையே போய்விடும் என்று எச்சரித்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருக்கிறது.

மௌனத்தோடு இன்னொன்றும் வந்தது, நற்பெயர். 1997 முதல் கெட்ட சர்வர்களின் கறுப்புப் பட்டியல்கள் புழக்கத்துக்கு வந்தன. ஒரு முகவரித் தொகுதியில் ஒருவன் குப்பை அனுப்பினால் சில பட்டியல்கள் அந்தத் தொகுதி முழுவதையும் சேர்த்துவிடும். பக்கத்து வீட்டுக்காரன் செய்ததற்கு நம் கடிதம் மறுக்கப்படும். 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் அதை விரித்தவர்களின் தர்க்கம் ஞாபகத்துக்கு வருகிறது. வதைபட்ட உடம்புகளையும் மறுக்கப்பட்ட கடிதங்களையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிறந்த இடத்தை வைத்துச் சந்தேகிக்கும் அறிவுமுறை எங்கெல்லாம் தலை தூக்குகிறது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

பிறகு எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என்ற அடையாளச் சோதனைகள் வந்தன. இந்தக் கடிதத்தை அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டா, வழியில் யாராவது திருத்தினார்களா என்று சரிபார்க்கும் முத்திரைகள். மோசடியைத் தடுக்க இவை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கியபோது, யாருடைய கடிதம் சேரும் என்பதன் விதி இரண்டு கம்பெனிகளின் அறிவிப்பாக வந்தது. சொந்தமாகச் சின்ன சர்வர் வைத்திருக்கும் ஓர் இயக்கமோ சங்கமோ முத்திரைகளைச் சரியாகப் பதித்த பின்னும் ஸ்பாம் பெட்டிக்குள் விழலாம். ஸ்பாம் பெட்டி ஒரு திரிசங்கு சொர்க்கம். கடிதம் சேர்ந்தது என்று மெஷின் சொல்லும், வரவில்லை என்று மனிதர் சொல்வார். இரண்டும் உண்மை.

6

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, மின்னணு ஆவணம் எப்போது பெறப்பட்டது என்று சொல்கிறது. பெறுவதற்கென்று ஒரு கணினி வளத்தை ஒருவர் குறிப்பிட்டிருந்தால், ஆவணம் அதற்குள் நுழைந்த கணமே அவர் பெற்றுவிட்டார். திறந்தாரா, படித்தாரா என்ற பேச்சு அங்கே இல்லை. தன் பலகையில் மின்னஞ்சல் முகவரியை எழுதி வைத்திருக்கிற அலுவலகம் அதைத்தானே குறிப்பிட்டிருக்கிறது? அப்படியானால் பாஸ்வேர்டு தொலைந்தது மனுதாரரின் பிரச்சினை ஆகாது. ‘வந்து சேரலை’ என்ற பதில் இந்த இடத்தில் தகவல்கூட இல்லை, தட்டிக்கழிப்பு. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் விண்ணப்பத்தை மின்னணு வழியாகவும் தரலாம் என்கிறது. பதில் தரும் 30 நாள் கணக்கு மனு பெறப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பெற்றதையே மறுத்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். மௌனம் எவ்வளவு மலிவான ஆயுதம் என்பது இங்கே தெரிகிறது.

ஆகவே இயக்க நண்பர்களுக்கு ஒன்று சொல்லணும். கடிதம் சேரவில்லை என்றால் முதலில் தடயத்தைச் சேருங்கள். திரும்பி வந்த அறிவிப்பைப் பயந்து அழிக்காதீர்கள். அதில் உள்ள மூன்றிலக்க எண்தான் எந்த சர்வர் எதற்காக மறுத்தது என்று சொல்லும் சாட்சி. இன்னொரு கம்பெனியின் முகவரியிலிருந்தும் அதையே அனுப்பிப் பாருங்கள். ஒன்று போய் ஒன்று போகவில்லையென்றால் கோளாறு வழியில்; இரண்டும் போய் மௌனம் என்றால் கோளாறு ஆபீஸில். முக்கியமான மனுவைக் காகிதத்திலும் ஒப்புகையோடு அனுப்புங்கள். பதிவுத் தபால் என்ற பழைய பெயர் 2025-இல் விரைவு அஞ்சலோடு கலந்துவிட்டது. சேர்ப்பித்ததற்கான அத்தாட்சி கேட்கும் பழக்கத்தை நாம் கலைத்துவிடக் கூடாது.

ஆனால் தந்திரங்களோடு முடிகிற விஷயம் இல்லை இது. காகிதத்திலிருந்து திரைக்கு மாறியபோது அரசு தன் செலவைக் குறைத்துக்கொண்டது, தன் கடமையையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டது. முன்பு சேரவில்லை என்பதைத் தபால் இலாகா தன் கைப்பட எழுதித் தந்தது. இன்று சேர்ந்தது என்பதை மனுதாரர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சான்றின் பாரம் இடம் மாறிவிட்டது. எப்போதும் போலக் கீழ்நோக்கி. மின்னஞ்சல் முகவரி வெளியிடும் ஒவ்வோர் அலுவலகமும் அதைத் திறக்கும் பொறுப்பாளர் யார் என்று பலகையில் எழுத வேண்டும், வந்த ஒவ்வொரு மனுவுக்கும் எண் தர வேண்டும், ஏற்க முடியாததைக் காரணத்தோடு திருப்ப வேண்டும். புதிதாக எதையும் கேட்கவில்லை. 1898-இல் அந்நிய அரசு செத்த கடிதத்துக்குச் செய்து வந்த மரியாதையை உயிரோடு இருக்கிற மனுவுக்குச் செய்யச் சொல்கிறோம்.